ஹெட்நோட் மட்டும் படித்த வக்கீல்

புது சட்ட இதழைப் பிரித்தால் பைண்டிங் பசை வாசனை மூக்கில் ஏறும். கள்ளக்குறிச்சியில் ஜூனியராகச் சேர்ந்த முதல் வருஷம், என் காலைகளுக்கு அந்த வாசனைதான்...

இதழ் சென்னையிலிருந்து தபாலில் வரும். உச்ச நீதிமன்றம் சொன்னது எங்கள் மேஜைக்கு வர இரண்டு மாதம் ஆகிவிடும். ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே ஐந்தாறு வரியில் சுருக்கம் போட்டிருப்பார்கள். ஹெட்நோட். அதை மட்டும் வாதக் குறிப்பில் எழுதி, பக்க எண்ணைப் போட்டுவிடுவோம். முழுத் தீர்ப்பையும் படிக்கிறவனை ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். கட்சிக்காரர் ஏழை என்றால் ஹெட்நோட்டைக்கூட அரைக்கண்ணால்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் கட்சிக்காரர் அலமேலு அக்கா, மலைமேல் வெள்ளிமலைப் பக்கம். இரண்டு ஏக்கரில் சாமை விதைப்பவர். மலைக்குக் கீழே உள்ள ஊர்க்காரர் ஒருவர் அந்த நிலத்தை வாங்கிவிட்டதாகப் பத்திரம் காட்டி வழக்குப் போட்டார். முன்சீப் கோர்ட்டில் அக்கா தோற்றுவிட்டார். சப்-கோர்ட்டில் அப்பீல். அதிலும் தோற்றால் நிலம் கையை விட்டுப் போய்விடும்.

வாதக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நிலத்தை நீண்டகாலம் அனுபவித்து வந்ததைக் காட்ட வரி ரசீதுதான் வேண்டும் என்பதில்லை, பயிர் வைத்து வந்ததும் ஆதாரம்தான் என்று ஒரு ஹெட்நோட் கிடைத்தது. எழுதி முடித்துவிட்டேன். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா வந்தபோது, சுப்ரீம் கோர்ட்டே நம் பக்கம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அந்தக் கேஸ்ல ஜெயிச்சது யாருங்க சார்? பயிரு வெச்சவங்களா, எழுதி வாங்கினவங்களா?"

எனக்குத் தெரியவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"இன்னும் படிக்கவே இல்லியா? நான் மலையிலேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி வந்துக்கினு இருக்கறேன்... நீங்க பத்து பக்கம் திருப்ப மாட்டீங்களா?"

கோபத்தோடுதான் உட்கார்ந்து படித்தேன். தோற்றது பயிர் வைத்தவர். வருஷாவருஷம் வெளியூர் வேலைக்குப் போய், நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டாராம்.

அக்காவும் வருஷத்தில் சில மாதம் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவர். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால், எங்கள் குறிப்பை வைத்தே எங்களை முடித்திருப்பார்.

நான்கு பத்தி தள்ளி நீதிபதிகள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். அவர் இல்லாத மாதங்களில் குடும்பத்தில் ஒருவர் பயிரைப் பார்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்...

வழக்குக் கட்டைத் தேடி எடுத்தேன். அக்கா இல்லாதபோது தான்தான் அறுத்ததாக அவருடைய தங்கை முன்சீப் கோர்ட்டிலேயே சாட்சி சொல்லியிருந்தார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மலைப் பெண்ணின் சொல்லுக்கு நம் கோர்ட்டுகளில் அவ்வளவுதான் மரியாதை.

இரண்டையும் சேர்த்துக் குறிப்பைத் திருத்தினேன். அப்பீல் ஜெயித்தது. அக்கா அழவில்லை, காலில் விழவில்லை. விதைக்கிற நேரம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

இப்போது தீர்ப்பு சொன்ன பத்தாவது நிமிஷம் போனில் இரண்டு வரிச் சுருக்கம் வந்துவிடுகிறது. பசை வாசனையும் இல்லை, தபாலுக்கான காத்திருப்பும் இல்லை. முழுசாகப் படிக்கிறவர்கள் மட்டும் அன்றைக்கும் கம்மி, இன்றைக்கும் கம்மி.

நான் இந்த வலைப்பக்கத்தில் தீர்ப்புகளை விளக்கி எழுதும்போதெல்லாம் நன்றி சொல்கிறீர்கள். அதெல்லாம் அலமேலு அக்காவுக்குச் சேர வேண்டியது. சப்-கோர்ட் தீர்ப்புகளை எந்த இதழும் அச்சிடாது. அதனால் அவர் ஜெயித்ததை இங்கே நானே எழுதி வைக்கிறேன்.