ஒரு மிஸ்கோலுக்கு என்ன அர்த்தம்

என் மகள் அனுப்பிய முதல் தமிழ் மெசேஜ் வந்தபோது நான் மேல்மலைத் தண்ணீர் டேங்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். போன் கையில் அதிர்ந்தது. திறந்து பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் மட்டும் இருந்தன. டேங்கிப் பக்கமிருந்து கீழே பார்த்தால் எங்கள் லயத்துக் காம்பராக்கள், அந்த ஒற்றையறை வீடுகள், அப்படித்தான் தெரியும், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போய்விட்டேன். ஆனாலும் வாசிக்க மறக்கவில்லை. சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதனால்தான் கட்டங்களைப் பார்த்ததும் போனை அவசரமாக மூடினேன். இது படித்தவர்கள் போனில் எழுதுகிற வேறு எழுத்தாக்கும், நமக்குச் சொல்லித்தரவில்லை என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் போன் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மகள் ஏ.எல். பரீட்சை பாஸ் செய்துவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். கடை முதலாளியம்மா புதுப் போன் வாங்கியபோது பழையதை அவளுக்குக் கொடுத்தார். அவள் கொஞ்சக் காலம் பாவித்துவிட்டு, தனக்கு ஒரு சின்னப் போன் வாங்கிக்கொண்டு, பெரியதை எனக்குக் கொண்டுவந்தாள். மேல் பாதியைத் தள்ளினால் அடியில் பொத்தான்கள் வரும். பெரிய கலர் கண்ணாடி. கமராவும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டு பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த அந்த நேரத்தில் எங்கள் லயத்தில் இருந்ததெல்லாம் டோர்ச் வைத்த சின்னப் போன்கள்தான்.

பக்கத்துக் காம்பராக்காரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, தொர பங்களாவுல இருந்து தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு!"

"மக குடுத்தது. கொம்பியூட்டர் போனாம்."

"அப்ப இனிமே எங்ககூட எல்லாம் பேசமாட்டீங்க."

நான் சிரித்துக்கொண்டு வாங்கி ரவிக்கைக்குள் வைத்தேன். பேச்சுக்கே கூச்சப்படுகிற எனக்கு அந்தப் போன் ஒரு நகை மாதிரி இருந்தது.

நகைக்கு வயதாகிவிட்டது என்பது சீக்கிரமே தெரிந்தது. காலையில் சார்ஜரைக் கழற்றினால் பத்து மணித் தேத்தண்ணிக்குள் பெட்டரி இறங்கிவிடும். பின்பக்க மூடி நிற்காது, ரப்பர் பட்டி போட்டேன். பிறகு போனின் காதும் போயிற்று. மகள் பேசினால் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான் கேட்கும். ஆனால் நான் பேசுவது அவளுக்குக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல புள்ள" என்று ஒருநாள் கத்தினேன். அந்த வாரக் கடைசியில் வந்தவள் சொன்னாள்: "பேச்சு வேணாம்மா. நான் தமிழ்லயே மெசேஜ் போடுறேன். என் போன்ல தமிழ் இருக்கு. நீங்கதான் நல்லா வாசிப்பீங்களே. வாசிச்சிட்டு ஒரு மிஸ்கோல் குடுங்க, ஒரு தரம் அடிச்சிட்டு வச்சிடுங்க, எனக்குப் போதும்."

அப்படித்தான் எங்கள் ஏற்பாடு. ஒரு மிஸ்கோல் என்றால் வாசித்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பெரிய போனைப் பாவித்த காலத்தில் அவள் இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறாள். அதில் தமிழ் வராது என்று அவளுக்கும் தெரியாது.

கட்டங்கள் வரும். நான் ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன், கண்ணை இடுக்கிப் பார்ப்பேன், பிறகு ஒரு மிஸ்கோல் கொடுப்பேன். வேலை முடிந்து இறங்கும்போது பக்கத்துக் காம்பராக்காரி கேட்பாள்.

"பாப்பா என்னக்கா எழுதியிருக்கு?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறா. கொழும்புல மழையாம்."

"இங்கயுந்தான் மழ. அத எழுதவா காச செலவழிக்குது?"

இன்னொரு நாள் அவள் கேட்பதற்கு முன்பே போனைத் திறந்து, கட்டங்கள்மேல் விரல் வைத்து, "கடையில புதுசா சாரி வந்திருக்காம், பச்சக் கலராம்" என்று வாசித்தேன். அவள் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதைச் சொன்னாள். இல்லாத சாரிக்கு நான் கரையும் சொன்னேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

அவளிடம் டோர்ச் போன் இருந்தது. "கொஞ்சம் தாயேன், மககிட்ட பேசணும்" என்று கேட்டிருந்தால் தந்திருப்பாள். இவ்வளவு பெரிய போனை வைத்துக்கொண்டு அந்தச் சின்னப் போனுக்குக் கை நீட்டுவதா என்று கேட்கவில்லை.

அந்த ஆவணி மாதத்தில் ஒரு நீளக் கவர் வந்தது. எங்கள் தோட்டத்தில் கடிதங்கள் ஒபிசுக்கு வரும். அங்கிருந்து பையில் போட்டு, மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஒரு வயதானவர் கொண்டுவந்து பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். சின்னவர்களுக்கெல்லாம் அவர் பெரியப்பா. எனக்கு அண்ணன் முறை.

"ஒம் மகளுக்கு வந்திருக்கு. நனைச்சிடாத" என்று அதைத் தன் தோள் துண்டில் துடைத்துத்தான் கொடுத்தார்.

கவரில் மகள் பெயர் இங்கிலீஷில் இருந்தது, மேலே சிங்களத்திலும் ஏதோ அச்சடித்திருந்தது. முன்பு ஒருமுறை அவளுக்கு வந்த பேங்க் கடிதத்தை உடைத்துவிட்டு, "என் கடுதாசிய ஒடைக்காதீங்கம்மா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இதுவும் பேங்க்தான் என்று நினைத்தேன். கூரை ஒழுகும் காலம். நனையாமல் தகரப் பெட்டியில், என் கூறைச் சேலைக்கு அடியில் வைத்தேன். தீபாவளிக்கு வரும்போது கையில் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களில் கட்டங்களுக்கு நடுவே ஒரு புது அடையாளம் இருந்தது. கேள்விக்குறி. அது மட்டும் கட்டமாகாமல் முழுசாக வந்திருந்தது. எனக்குக் கேள்விக்குறி தெரியும். ஐந்தாம் வகுப்பில் அதைப் போட மறந்து அடி வாங்கியிருக்கிறேன். மகள் ஏதோ கேட்கிறாள் என்று அப்போதே விளங்கியது. சுகமா என்று கேட்பாளாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு மிஸ்கோல் கொடுத்தேன். அடுத்த வாரமும் கேள்விக்குறி. ஒரு மிஸ்கோல். அதற்கடுத்த வாரமும்.

அவள் மேல் நான் வைத்த பாசத்தில் குறை இல்லை. ஆனால் எனக்குத் தெரியவில்லை என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

புரட்டாசி முடிகிற நேரம் பெட்டரி ஊதிப்போய் ரப்பர் பட்டி அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். போன் பழுது பார்க்கிற கடையில் ஒரு முஸ்லிம் முதலாளி இருந்தார். தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏன் உம்மா, இத இன்னுமா வச்சிருக்கீங்க? இது வந்த நேரம் பெரிய சாமான்."

"பெட்டரி மட்டும் போட்டுத் தாங்க மொதலாளி."

வேறொரு பெட்டரியைப் போட்டுத் திறந்தவர் கட்டங்களைப் பார்த்துவிட்டார்.

"தமிழ் மெசேஜா வருது? இதுல வராதே."

"வராதா?"

"இதுட சொப்ட்வெயார்ல தமிழ் எழுத்து இல்ல. புதுசு போடவும் ஏலாது. கம்பெனிக்காரன் இந்தப் போனுக்குப் புதுசு விடுறத எப்பவோ நிப்பாட்டிட்டான். அப்படியே போட்டாலும் இது தாங்காது. அந்தா, அந்த டோர்ச் போன்லகூட தமிழ் வரும்."

நான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் அது வேறு எழுத்து இல்லை. எனக்குத் தெரிந்த அதே தமிழ்தான். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது உண்மை. ஆனால் என் பழைய படிப்பு அந்த எழுத்துக்குப் போதும். போனுக்குத்தான் போதவில்லை.

"நில்லுங்க, என் போனுக்கு அனுப்பி வாசிச்சிக் காட்டுறேன்" என்றார்.

"நானே வாசிப்பேன்" என்றேன். அவர் தன் போனை என் கையில் தந்துவிட்டு வேறு வேலை பார்த்தார்.

"அம்மா சாப்பிட்டீங்களா. மழைக்குக் கம்பளி போட்டுக்குங்க." வாசித்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் எழுத்து. "கால் வலிக்குத் தைலம் அனுப்புறேன்." பிறகு அது வந்தது.

"அம்மா தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு டீச்சர் எடுக்கிறாங்க. நானும் எழுதிப் போட்டேன். இண்டர்வியூ கடிதம் நம்ம வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். வந்துடுச்சா? வந்திருந்தா ரெண்டு மிஸ்கோல் குடுங்க, உடனே வாறேன். வரலைன்னா ஒண்ணு."

அடுத்ததிலும் அதுவே. மூன்றாவதில், "கூடப் படிச்சவளுக்கு வந்துடுச்சாம். நமக்கு வரலையா அம்மா?" நான் மூன்று தரமும் ஒன்று கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து கவரை உடைத்தேன். உள்ளே தமிழிலும் இருந்தது. இண்டர்வியூ நாள் கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் பக்கத்துக் காம்பராக்காரியிடம் போன் கேட்டேன். கொடுத்துவிட்டு அவளும் கூடவே டேங்கிக்கு ஏறி வந்தாள், என் பக்கத்திலேயே நின்றாள். சாரிக் கரை வரை என்னிடம் கேட்டவள்.

"புள்ள, ஒனக்கு ஒரு கடுதாசி… நேத்துத்தான் வந்துச்சு."

மகள், இண்டர்வியூ எந்த நாள் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பெரியப்பா பையிலேயே போட்டு வச்சிருந்திருப்பாரு, இல்லம்மா?"

"இருக்கும்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் குறைவு. பேசியதே குறைவு. ஆனால் அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆயிற்று.

தீபாவளிக்கு முதல் நாள் மகள் வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேரே கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். பெரியப்பா பையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, ஒங்களுக்கு அது ஒரு கவர். எனக்கு அது வேல."

"எந்தக் கவரு புள்ள?"

"இண்டர்வியூ கடுதாசி. நாள் போனதுக்கப்புறம் குடுத்திருக்கீங்க. எத்தன நாள் பையில கெடந்துச்சு?"

கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நனையாமல் துடைத்துக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. நான் கூடைக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வயசாச்சு புள்ள. மறந்திருப்பேன்" என்றார்.

"மறதின்னா பேசாம ரிட்டயர் ஆகிடுங்க பெரியப்பா!" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார்.

லயத்துக்கு இறங்குகிற பாதையில் பாதிதூரம் வந்துவிட்டோம். பிறகு, "அவரு மறக்கல" என்றேன். மகள் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், தகரப் பெட்டியிலிருந்து சாரிக் கரை வரைக்கும். அவள் என் போனை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"இத்தன நாளும் இதையா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"கட்டமா வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"எனக்குத்தான் வாசிக்கத் தெரியலன்னு நெனச்சேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பையை என் காலடியில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி ஏறினாள். நான் அவள் முதுகைப் பார்த்து, "லயத்துல யாருக்கும் சொல்லிடாத புள்ள" என்றேன். அப்போதும் அதைத்தான் கேட்டேன். மேலே அவள் பெரியப்பாவிடம் குனிந்து பேசுவது தெரிந்தது. அவர் அவள் தலையில் கை வைத்தார். நான் போகவில்லை.

அடுத்த முறை டீச்சர் எடுத்தபோது அவளுக்கு வயது கடந்துவிட்டது. அவள் கொழும்புத் துணிக்கடையிலேயே நின்றாள். எனக்கு ஒரு டோர்ச் போன் வாங்கித் தந்தாள். அதில் தமிழ் முத்து முத்தாக வந்தது.

பெரியப்பா மட்டும் அதற்குப் பிறகு எனக்கு எந்தக் கடிதம் கொடுத்தாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். "எல்லாரும் பாத்துக்குங்க! இன்னைக்கு வந்தது, இன்னைக்கே குடுத்தாச்சு!" பெண்கள் சிரிப்பார்கள். மகள் சண்டை போட்டதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தார்கள். அது யாருக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பேன்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் மின்சார பில்லைத் தூக்கிக் காட்டி அதையே சொன்னார். இருமல் வந்து பாதியில் நிறுத்தினார். அந்தப் பாதியில் என் வாய் திறந்துவிட்டது.

"அன்னைக்கும் நீங்க அன்னைக்கேதான் குடுத்தீங்கண்ணே. நான்தான் பொட்டியில வச்சிட்டேன். எனக்கு மெசேஜ் வாசிக்கத் தெரியல. அந்தப் பச்ச சாரியும் பொய்தான்."

இவ்வளவு பேர் முன்னால் நான் அதுவரை பேசியதே இல்லை. பக்கத்துக் காம்பராக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பெரியப்பா பில்லை என் கையில் வைத்தார்.

"சரி சரி, கொழுந்த நிறு. மேற்பார்வைக்குக் கண்டாக்கு வர்றாரு" என்றார்.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. அவர் அதைத் தூக்கிக் காட்டவில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். நானும் எல்லாரையும் போலக் கை நீட்டி வாங்கினேன்.