அந்தப் பண்ணைக்காரி வண்டியேறியிருக்கக் கூடாது

எங்கள் தெருவுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த புதிதில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சியின் வீட்டு மண்டபம் நிறைந்துவிடும். குதிரையும் துவக்குமாக ஓர் ஆங்கில நாடகம் போகும். சாச்சியின் மூத்த மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, நாங்கள் பார்ப்போம்.

புருஷனை இழந்த ஒருத்தி தனியாக மாட்டுப் பண்ணை நடத்துகிற கதை. மாடு களவெடுக்க வருகிறவர்களை அவளே சுட்டு விரட்டுவாள். பார்க்கிறவர்களின் வாய் சும்மா இருக்காது. மாட்டுப் பட்டி வைத்திருந்த மாமா, "இத்தின மாடு போகுது, ஒரு சாணியக் காணல்லயே!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவள் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

என் கணவர் காய்ச்சலில் மௌத்தாகி, நான் வீட்டோடு இருக்கும் இத்தா எனும் துக்க மாதங்களை முடித்திருந்த காலம் அது. இறக்காமத்தில் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வயல் இருந்தது. அதை விற்கச் சொல்லி, என் மூத்த சகோதரர் காக்கா ஓர் ஆளையும் பேசி வைத்திருந்தார். நான் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

நாடகத்தின் கடைசிப் பாகத்தில் நகரத்துக்காரன் ஒருவன் அவளைக் கலியாணம் கேட்டான். அவள் பண்ணையை அயலவனுக்குக் கொடுத்துவிட்டு அவனோடு வண்டியேறிப் போனாள்.

"அல்ஹம்துலில்லாஹ், இனி அவள் நிம்மதியா இருப்பாள்," என்றார் சாச்சி.

காக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா தங்கச்சி? எவ்வளவு துணிஞ்ச பொம்புளயும் கடைசியில ஒரு ஆம்புளட கையிலதான் பொறுப்பக் குடுக்கணும்."

"அது பொய்," என்றேன். "சாணி இல்லாட்டிப் பரவாயில்ல காக்கா. இதுதான் பெரிய பொய். கலியாணம் முடிக்கிறது அவள்ட விருப்பம். காணிய ஏன் குடுக்கணும்? மாப்பிள்ளதானே அவள்ட வீட்ட வரணும்? நம்மட ஊரில அப்பிடித்தானே?"

"ஓம், அது சரிதானே," என்றாள் சாச்சியின் மகள்.

"நாடகத்துக்குப் போய் இவ்வளவு கோவமா?" என்றார் காக்கா.

"நான் நாடகத்த மட்டும் கதைக்கல்ல. என்ட வயல விக்கமாட்டன். அந்த ஆளுக்கிட்டச் சொல்லிருங்க."

"வயலுக்குள்ள காட்டு யான வந்தா என்ன செய்வாய்?"

"விரட்டுவன்."

காக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் போகம் நானே முன்னின்று விதைப்பித்தேன். புருஷன் இல்லாதவள் குடை பிடித்துக்கொண்டு வயல் வட்டைக்குள் போகிறாள் என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று, வரம்பில் நின்று தண்ணீர் பாய்ச்ச ஆள் விட்டேன். சொன்னபடி யானையும் வந்தது. தீப்பந்தமும் தகரமுமாக ஆட்கள் விரட்டுவதற்குள் ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போயிற்று. அன்று வரம்பில் குந்தி அழுதேன், விற்க நினைக்கவில்லை. மிச்சத்தை அறுத்தேன். முதல் மூட்டையைக் காக்கா வீட்டுக்குத்தான் அனுப்பினேன்.

அடுத்த போகத்துக்கு முன் காக்கா வந்தார். விற்கிற கதையை எடுக்கவில்லை. "வேலிய இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு," என்றார்.

"கட்ட ஆள் வந்திட்டாங்க," என்றேன்.