விளக்குக் கூட்டில் ஒட்டிய லடினோ நாவல்

அடுத்தவர் தலைமுடியைவிட அருவருப்பான பொருள் உலகத்தில் கிடையாது என்பது அவளுடைய தீர்ப்பு. தலையில் இருக்கும்வரை எண்ணெய் தடவி, சீவி, கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவே குளியலறையில் தண்ணீர் வடியும் சல்லடையில் சோப்பு நுரையோடு சுருண்டு கிடந்தால் செத்த எலிதான். ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தச் சல்லடையைத் தூக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் தன் ஜோடிக்காரியிடம், "இனிமே பாத்ரூம் எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன். நீ கட்டில் மட்டும் போடு, போதும்" என்றாள்.

அந்த ஓட்டலில் ஓர் அறைக்கு இருவர். ஒருத்தி கட்டில், ஒருத்தி குளியலறை. தளம் மாறினால் வேலையும் மாறும். ஜோடிக்காரியின் பட்டப்பெயர் குண்டூசி. உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி. இவளுக்கு முணுமுணு என்று பெயர். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள் என்பதால்.

"என்னக்கா, ஏதாவது வேண்டுதலா?" என்றாள் குண்டூசி.

"இல்லடி. ரூமுக்கு அஞ்சு நிமிஷம் என்னை விளக்குகிட்ட தனியா விடணும். அவ்வளவுதான்."

"விளக்குகிட்டயா? புருஷன்கிட்ட பேசறதுக்கே உனக்கு நேரமில்லன்னு சொன்ன?"

இந்த விளக்கு விவகாரம் ஒரு பாட்டில் தொடங்கியது. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது போனில் ஏதோ தேடப் போய் வேறேதோ கிடைத்தது: ஒரு பெண் குரல், தெரியாத மொழி, நன்றாகத் தெரிந்த சலிப்பு. அந்த மொழிக்கு லடினோ என்று பெயராம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் போன ஊரெல்லாம் சுமந்துகொண்டு போன பேச்சு. அவளுக்கும் அதற்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. பிடித்திருந்தது, கற்றுக்கொண்டாள். "இதப் படிச்சா சம்பளம் ஏத்துவாங்களா?" என்று கணவன் கேட்டான். "நீ கேரம் ஆடறியே, அதுக்கு எவ்வளவு ஏத்துனாங்க?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கற்பது சிரமமாக இல்லை. படிக்க ஏதாவது கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. போனில் எங்கே தேடினாலும் தாலாட்டு, சமையல் குறிப்பு, பாட்டிமார் வாக்கு. மறுபடி தாலாட்டு. ஒரு குழுவில் சேர்ந்தாள். அங்கே தினமும் யாராவது அதே கத்தரிக்காய்ப் பண்டத்தின் செய்முறையைப் போடுவார்கள், மற்றவர்கள் "ஆகா, எவ்வளவு இனிய மொழி!" என்று கண்ணீர் விடுவார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒரு பக்கம் படித்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. இத்தனை நூறு வருஷத்தில் இந்த மொழியில் ஒருத்தனும் பொய் சொல்லவில்லையா? ஒருத்தியும் ஓடிப்போகவில்லையா? நல்லதொரு அயோக்கியன் வருகிற கதை ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தானாகவே படித்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

அப்போதுதான் ஓட்டலைப் புதுப்பித்தார்கள். மஞ்சளேறிய பழைய அச்சுத் தாள்களைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒட்டி, அறைக்கு ஒன்றாகக் கட்டிலோர விளக்குக்குக் கூடு வைத்தார் அலங்காரக்காரர். முதல் கூட்டைத் துடைக்கும்போதே அவள் கை நின்றுவிட்டது. எபிரேய எழுத்து, பழங்காலத்து வட்ட அச்சு. லடினோவை முன்பு அப்படித்தான் அச்சிட்டார்கள். போனில் அட்டவணை வைத்துத் தட்டுத்தடுமாறி அவள் பழகியிருந்த அதே எழுத்து. வலமிருந்து இடமாக ஒரு வரி படித்தாள். மாற்றாந்தாய் ஒருத்தி கதவைச் சாத்துகிறாள்.

நாவல்! ஒரு முழு நாவலைப் பிய்த்து, அறை அறையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனந்தம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தாளைக் கத்தியால் வெட்டியிருந்த அழகைப் பார்த்ததும் ஆத்திரம் வந்தது. ஒரு வாக்கியத்தின் தலை இந்த அறையில், வால் எதிர் அறையில். மூலை அறையில் மொத்தத்தையும் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். மேலே பளபளவென்று வார்னிஷ் வேறு. கறிக்கடையில்கூட எது கால், எது தொடை என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள்.

வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும் என்பதால் படம் எடுக்க வழியில்லை. நின்ற இடத்தில்தான் படிக்க வேண்டும். அதற்காகத்தான் குண்டூசியோடு அந்த ஒப்பந்தம். அறைக்கு ஒரு சல்லடை முடி, அதற்கு ஈடாக இரண்டு பக்கம் கதை. கூட்டின் வெளிப்புறம் ஒரு பக்கம். அதன் மறுபக்கம் பிளாஸ்டிக் வழியாக உள்ளே தெரியும். அதைப் படிக்கத் தலையைக் கூட்டுக்குள் விட வேண்டும்.

அப்படித் தலையை விட்டிருந்தபோதுதான் ஒருநாள் சூப்பர்வைசர் உள்ளே வந்தாள்.

"என்னம்மா இது? கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு?"

"தூசி பாக்கறேன் மேடம்."

"தூசிய மூஞ்சியாலயா துடைப்பாங்க? இந்தத் தளத்துல எந்த ரூமுக்குப் போனாலும் கூட்டோட ரெண்டு ஓரமும் சேர்ற தையல் கட்டில் பக்கம் திரும்பியிருக்கு. அது சுவத்தப் பாத்துதான் இருக்கணும். இன்னொரு தடவ பாத்தேன், துணி வெளுக்கற பக்கம் மாத்திடுவேன்."

அன்றிலிருந்து படித்து முடித்ததும் தையலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டே வெளியே வந்தாள்.

கதையை வரிசைப்படுத்திக்கொள்ளப் பக்க எண்கள் உதவின. தாய் இல்லாத பெண். மாற்றாந்தாய் அவளை வயதான வியாபாரி ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாள். அவனோ மனைவியை இழந்தவன், பல் இல்லாதவன், சாப்பிடும்போது தாடியில் சூப்பு வடிகிறவன். அவள் ஓடிப்போய்த் துறைமுகத்தில் ஒரு துணி தைக்கும் கடையில் சேர்கிறாள். தினமும் மத்தியானம் குண்டூசிக்குக் கதை சொல்ல வேண்டியிருந்தது.

"தாடிக்காரன் வந்தானா?"

"துறைமுகத்துக்கே வந்துட்டான்டி. கப்பல் ஏறப் போறா, இவன் கைய புடிச்சுட்டான்."

"சீ, அந்தச் சூப்புக் கையாலயா? ஏறுனாளா இல்லையா?"

"அது எந்த ரூம்லயும் இல்ல."

உண்மையில் இல்லை. எல்லாக் கூடுகளையும் பார்த்தாயிற்று. கடைசிப் பக்கங்கள் எங்குமே இல்லை.

மேல்தளத்தின் புது அறைகளுக்கு அலங்காரக்காரர் மறுபடி வந்தபோது, அவர் கையில் மிச்சக் கட்டு இருந்தது. இந்த முறை கூடு இல்லை. கட்டில் தலைமாட்டுப் பலகையில் ஒட்டப் போகிறாராம். பலகையில் ஒட்டினால் பின்பக்கம் போனது போனதுதான். குப்பைப் பையை அந்த அறை வாசலில் விட்டுவிட்டு அடுத்த குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தவள், விஷயம் தெரிந்ததும் ஓடிவந்தாள்.

"சார், ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுட்டுத் தரேன். இது கதை சார். முடிவு இதுலதான் இருக்கு."

அவர் சிரித்தார். "படிக்கிறதா? யாராலயும் படிக்க முடியாதுன்னுதானம்மா இத வாங்குனேன்! தெரிஞ்ச எழுத்தா இருந்தா வர்றவங்க கண்ணு அங்கயே போகும். இது சும்மா கோலம் மாதிரி கிடக்கும்."

கோலம். அந்தச் சொல் சல்லடை முடியைவிடக் கேவலமாக அவள் தொண்டையில் சிக்கியது. ஆனால் கோபப்பட்டால் கட்டு கிடைக்காது என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

"இருக்கறதப் பாத்துக்கோங்க. நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்றார் அவர். "கடைசித் தாளு மட்டும் கோணையா வெட்டிக்கிச்சு. பசை வேற கொட்டிடுச்சு. கசக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"உங்க பையிலதான்!"

மேஜையிலிருந்த தாள்களை முதலில் படித்தாள். கப்பல் கிளம்பச் சங்கு ஊதுகிறது, பெண் ஒரு காலைக் கப்பலேறும் பலகையில் வைக்கிறாள், பக்கம் முடிந்தது.

பிறகு பையைப் பார்த்தாள். காலையிலிருந்து தானே குளியலறை குளியலறையாகக் கொட்டிய பை. அதன்மேல் அலங்காரக்காரரின் சாப்பாட்டுப் பொட்டலம் வேறு. ரப்பர் கையுறை போட்டால் பசை ஒட்டிய தாளைப் பிரிக்க முடியாது. கையுறையைக் கழற்றினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டாள். ஈரத் தேயிலை, பஞ்சு, ஒட்டிக்கொண்டு வருகிற முடி. ஓங்கரித்தாள். முழங்கைவரை போனபிறகுதான் விரலில் அந்தப் பழைய தாளின் முரடு தட்டியது.

தாளைக் குழாயில் காட்டி, துண்டின்மேல் விரித்து, அதில் ஒட்டியிருந்த நீள முடி ஒன்றை இரண்டு நகத்தால் இழுத்துப் போட்டுவிட்டுப் படித்தாள். குண்டூசி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏறுனாளா?"

முணுமுணு மறுபக்கத்தைப் புரட்டினாள். கீழே 'முடிந்தது' என்ற சொல்லும் ஒரு பூங்கொத்துப் படமும்.

"சொல்லுக்கா, உயிர் போகுது!"

"காலைக் கீழ எடுத்துட்டா. வீட்டுக்குத் திரும்பிப் போயி மாற்றாந்தாய் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டு, அந்தக் கிழவனையே கட்டிக்கிட்டா. பெரியவங்க சொல்றதக் கேக்காததுக்குத் தண்டனைன்னு அவளே அழறா. அவன் தாடிய இவ துடைச்சு விடறா. முடிஞ்சுது."

குண்டூசி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "த்தூ! இதுக்கா நான் இத்தன நாளா ஒத்தையில கட்டில் போட்டேன்?"

"நீ கட்டில்தான் போட்ட. நான் முடி அள்ளுனேன்டி!"

எழுதினவன் எதிரில் இருந்தால் அந்தப் பையையே அவன் தலையில் கவிழ்த்திருப்பாள். கப்பல்வரை எவ்வளவு நன்றாகக் கொண்டுவந்தான், பாவி! கையைச் சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவினாள். கழுவும்போது வாய் முணுமுணுத்தது: லடினோவில்தான், எழுதினவனைத் திட்டி. எந்தத் தாலாட்டிலும் சமையல் குறிப்பிலும் இல்லாத வசவுகள், கதையில் மாற்றாந்தாய் பேசியவை, ஒன்றன்பின் ஒன்றாகத் தடையில்லாமல் வந்தன.

அலங்காரக்காரர் பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்தார். "என்னம்மா, முடிவு நல்லா இருந்துச்சா?"

"ஒட்டுங்க சார், நல்லா அழுத்தி ஒட்டுங்க. இந்தத் தாளையும் சேத்து ஒட்டுங்க, முடிவு பலகைப் பக்கம் போற மாதிரி." கையைத் துடைத்துக்கொண்டாள். "கீழ சாப்பாட்டு ஹாலுக்கும் இதே மாதிரி பண்றதாச் சொன்னாங்களே, தாளு வந்துடுச்சா?"

"இன்னொரு கட்டு சொல்லியிருக்கேன். ஏன்?"

"வந்ததும் கத்தி வைக்காம எங்கிட்ட குடுங்க. எது ஒட்ட லாயக்கு, எது லாயக்கில்லன்னு நான் பாத்துச் சொல்றேன்."

குண்டூசி குப்பைப் பையைக் கட்டித் தூக்கினாள். "அக்கா, அதுல கிழவன் எவனாவது வந்தா முதல் பக்கத்துலயே சொல்லிடு. நம்ம ஒப்பந்தம் அதோட சரி, பாத்ரூம நானே பாத்துக்கறேன்."