ரத்தினம்மாளின் நடை

பபூன் தங்கராசு மேடையில் கால் வைத்தாலே சிதம்பரத்து ஜனம் விசிலடிக்கும். முப்பது வருஷமாக அந்த விசிலைக் கேட்டுத்தான் அவர் உடம்பு வளர்ந்தது. கடைசியில் அதுவே அவரைக் கவிழ்த்தது.

சுனாமியில் அவர் மனைவி ரத்தினம்மாள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடலூர் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போனவள் திரும்பவில்லை. தங்கராசு அப்போது காட்டுமன்னார்கோயிலில் நாடகம் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். "அம்மாவுக்காக நீ ஒரு சொட்டு கண்ணீர் வுடலியேப்பா" என்று மகள் ஜெயராணி கேட்டது அவர் நெஞ்சில் தைத்துக் கிடந்தது.

சுனாமி நினைவு நாளுக்குச் செந்தமிழ்ச்செல்வன் என்கிற வாத்தியார் ஒரு நாடகம் எழுதினார். மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவன் கதை. "மாமா, இதுல காமெடியே கெடையாது. நீங்கதான் பண்ணணும்" என்றார். தங்கராசு உடனே ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு தடவை மேடையில் அழ வேண்டும், அதை மகள் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

திரை விலகியது. செத்தவளின் மீன்கூடையைக் கையில் எடுத்து, "கூப்புட்டா திரும்பியே பாக்கமாட்டா, காது கேக்காத மாதிரியே போவா" என்றார். நிஜமாகவே அழத்தான் போனார். ஆனால் பின்வரிசையில் எவனோ சிரித்தான். அவ்வளவுதான், பந்தலே சிரித்தது.

விழுந்த சிரிப்பை விட்டுவிட்டு நகரக்கூடாது, அதையே இன்னும் பெரிதாகப் பண்ண வேண்டும் என்பது பபூன் தொழிலின் முதல் பாடம். தங்கராசு யோசிக்கவில்லை. கூடையைத் தலையில் வைத்தார். துண்டை முந்தானையாக இழுத்துச் செருகினார். இடது காலைச் சற்றே இழுத்து, இடுப்பை ஒடித்து, ரத்தினம்மாளாகவே நடந்தார். மீன் விலை கூவினார், பேரம் பேசினவளை ஏசினார், வருகிற அலையைப் பார்த்து, "யோவ், எட்டப் போ!" என்று அதட்டினார். பாவி மனுஷன், அற்புதமாகத்தான் பண்ணினார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டது. எழுதின வாத்தியாரும் வெட்கமில்லாமல் சிரித்தார்.

ஜெயராணி முன்வரிசையிலிருந்து எழுந்து போனாள்.

நாடகம் முடிந்ததும் தங்கராசு கழுத்து மாலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அவள் கடலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"ராணி, நான் வேணும்னு பண்ணலம்மா. அவுங்க சிரிச்சிட்டாங்க..."

"அம்மா அப்புடியேதான் நடப்பாங்க" என்றாள். "நீ அவுங்கள பாத்ததே இல்லன்னு நெனச்சேன். நல்லாத்தான் பாத்து வச்சிருக்க. இனிமே அம்மாவ நெனச்சா எனக்கு அந்தச் சிரிப்புதான்பா கேக்கும்."

அடுத்த மாசமே கம்மாபுரத்தில் கூப்பிட்டார்கள். அந்த மீன்காரி நடையைக் கட்டாயம் போட வேண்டும் என்றார்கள். தங்கராசு மாட்டேன் என்று சொல்லவில்லை.