சும்மாக் கூண்டு

குழாயைத் திறந்ததும் முதல் கைத் தண்ணீர் எலி மாமாவின் வாய்க்குத்தான். நாலு மடக்குக் குடித்து, "தேன்டா, தேன்!" என்று கூண்டுகளைப் பார்த்துச் சப்புக்கொட்டிய பிறகே பாட்டில்களை நிரப்புவார். ஆய்வுக்கூடத்தின் எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் அவருக்குப் பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம்.

இடப்பக்கம் இருப்பவை, ஈய நஞ்சு உடலை என்ன செய்கிறது என்று பார்க்க, ஈயம் கலந்த தண்ணீர் குடிக்கும் எலிகள். வலப்பக்கத்து எலிகளுக்கு ஈயமே கிடையாது. பிறகு இரண்டையும் அறுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வலப்பக்கத்துக்கு மாமா வைத்த பெயர் 'சும்மாக் கூண்டு'. ஆய்வுக்கூடம் முழுக்க இப்போது அதே பெயர்தான். "சும்மா திங்கிறீங்க, சும்மா தூங்குறீங்க. குடுத்து வச்சவங்கடா!" என்று சீண்டுவார். இடப்பக்கம் போனால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

சும்மாக் கூண்டுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வைக்க வேண்டும் என்பது விதி. மாமா அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அதுல என்ன ருசி இருக்கு? வாயில்லா ஜீவன், நல்ல தண்ணி குடிக்கட்டுமே!" என்று நாலு மாதமாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றினார். அதே தண்ணீர் கேனில் வீட்டுக்கும் போகும். வீட்டுக் கிணறு உவர்ப்பு. மகளுக்கோ இது ஆறாவது மாதம்.

நேற்று மதியம், ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா கையில் தாளோடு வந்தார்.

"மாமா, பாட்டில மாத்தி வச்சிட்டீங்களா? சும்மாக் கூண்டு எலிங்களோட கிட்னியில ஈயம். எலும்புலயும் ஈயம்!"

"ஐயையோ, சத்தியமா இல்லம்மா! அதுங்களுக்கு நான் எதையும் கலக்கல. நான் குடிக்கிற இதே குழாய்த் தண்ணி..."

டாக்டரம்மா குனிந்து, சுவரோரம் ஓடிய பழைய சாம்பல் குழாயைச் சாவியால் கீறினார். கீறிய இடம் பளபளவென்று மின்னியது.

"கடவுளே, ஈயக் குழாய்!" என்றார்.

தான் குடித்த பதினெட்டு வருடம் மாமாவின் நினைவுக்கே வரவில்லை. கேன்தான் வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அப்பா, தண்ணி தீந்துடுச்சு. வரும்போது மறக்காம எடுத்துட்டு வாங்க. உங்க பேரப்புள்ள இன்னிக்கு ஒரே ஆட்டம்!"

மாமா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு சொட்டும் ஒழுகாத அந்தக் குழாயின் திருகை இரண்டு கைகளாலும் இறுக்கி மூடிக்கொண்டே இருந்தார்.