அஞ்சாவது பிளாப்பி டிரைவ்

இது நடந்தது. பேய் இருட்டினால்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது வந்தது காலை பதினொரு மணிக்கு, குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரையெல்லாம் முடிந்த பிறகு.

மண்டபம் ஊருக்குப் போகிற சாலையில், கடலைப் பார்த்த ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். மூன்று வருடமாகத் தற்காலிகம். தாளாளர் தங்கசாமி சொல்லியிருந்தார்: “காளிதாஸ், விழாவுல மிஷின் பாடுச்சுன்னா நீ பெர்மனன்ட். பாடலைன்னா பொட்டியக் கட்டிரு.”

மிஷின் என்பது பழைய கம்ப்யூட்டர்களில் தட்டு செருகிப் படிக்கும் பிளாப்பி டிரைவ்கள். உள்ளே ஒரு சின்ன மோட்டார், படிக்கும் தலையை முன்னும் பின்னும் நகர்த்தும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் அந்த முனகலே ராகமாகும். நகர்த்தச் சொல்வது உள்ளங்கை அகல மைக்ரோகன்ட்ரோலர் பலகை. நான் ஒயர் கொடுத்தது மூன்று டிரைவுக்கு. அழைப்பிதழில் அதன் பெயர் ‘செயற்கை நுண்ணறிவு இன்னிசைக் குழு’.

“மூணு ஆகாதுப்பா. அஞ்சா வையி,” என்றார் தாளாளர்.

“மத்தது ரெண்டும் வெறுங்கூடு சார். மோட்டாரக் கழட்டிட்டேன்.”

“கூடுன்னு யாருக்குத் தெரியப்போவுது?”

வைத்தேன்.

மேடையில் சிறப்பு விருந்தினர். மிஷின் பாட வேண்டியது கல்லூரிப் பாட்டு, இயற்றியவர் தாளாளர். பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனேன்.

தொடவில்லை. பாட்டு தொடங்கிவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் 11:04.

பக்கத்தில் நின்ற சக விரிவுரையாளர் ஜுவைரியா முணுமுணுத்தார். “சார்... லைட்டு எரியல.”

டிரைவ் ஓடினால் முகப்பில் பச்சை விளக்கு எரியும். மூன்றிலும் எரியவில்லை. பாட்டு மட்டும் ஒரு சுரம் பிசகாமல்... தாளாளர் இயற்றியதைவிட நன்றாகவே.

பாட்டு முடிந்தது. மூன்றும் நின்றன.

டக்...

அஞ்சாவது.

டக்... டக்...

ஒயர் இல்லை. மோட்டார் இல்லை. கழற்றியவன் நான்.

உள்ளேயிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுவதுபோல்... அவசரமே இல்லாமல்...

கையை வைத்தேன்.

கூடு அதிர்ந்தது. நின்றது.

கையை எடுத்தேன்.

டக்.

தாளாளர் மைக்கைப் பிடித்தார். “பாத்தீங்களா... சொல்லிக்குடுக்காமயே வாசிக்குது. இதான் செயற்கை நுண்ணறிவு.”

அரங்கம் கைதட்டியது.

அதுவும் சேர்ந்து தட்டியது.

சாயங்காலம் மைக்செட் இருளாண்டி அண்ணனிடம் என் அடாப்டரைக் கேட்டேன். மைக்ரோகன்ட்ரோலர், டிரைவ்கள், எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுப்பது அந்த ஒன்றுதான்.

“இந்தாங்க சார். காலையிலயே புடுங்கி வச்சுட்டேன்.”

“காலையிலன்னா... எப்பண்ணே?”

“விருந்தினரு வேர்க்குதுன்னாரு. ஏர்கூலருக்கு பிளக் பாயின்ட் பத்தல. உங்களதக் கழட்டிட்டுல்ல மாட்டினேன். விளக்கு ஏத்துறதுக்கு முந்தியே.”

அப்படியானால் அஞ்சாவது மட்டும் இல்லை. முதல் சுரத்திலிருந்தே...

மறுநாள் பணி நிரந்தர ஆணை வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஐந்து டிரைவும் என் பொறுப்பு. என் அறையில், என் மேசைமேல்.

கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் காத்திருந்தவன் வேறென்ன செய்வான்.

இதை எழுதும்போது அடாப்டர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. மேசைமேல் டக்... டக்... ஜுவைரியா வாசலோடு நின்றுகொண்டு கேட்கிறார்:

“கரன்ட் குடுத்துப் பார்த்தா நிக்குமா சார்?”