டிக்கியில் இருந்த சமையல் சிலிண்டர்

பெரிய வண்டி வேண்டும் என்று முதலில் கேட்டவள் நான்தான். பிற்பாடு எத்தனையோ சண்டை வந்தபோதும் என் கணவர் இதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மைசூரில், வித்யாரண்யபுரத்தில் குடியிருந்தோம். அவர் ஊரின் மறுகோடியில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். நான் பக்கத்துத் தெருப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரே மகள், எட்டு வயது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய எண்ணூறு சிசி சின்னக் கார் ஒன்று எங்களிடம் இருந்தது. சாதுவான வண்டி. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடும். எது கெட்டாலும் தெருமுனை மெக்கானிக் அரை மணியில் சரிசெய்து கொடுத்துவிடுவார். அதற்கென்று தனியாகச் செலவாகிறது என்ற நினைப்பே எங்களுக்கு இருந்ததில்லை.

ஒரு தசரா விடுமுறைக்கு ஹனூரிலிருந்து என் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அண்ணனுக்கு நிலம், கிணறு, டிராக்டர் எல்லாம் உண்டு. காடு கரை எதுவும் இல்லாத டவுன்காரருக்குத் தங்கையைக் கொடுத்துவிட்டோமே என்ற குறை அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. அவர்கள் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர். ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு சாமுண்டி மலைக்குப் புறப்பட்டோம். பாதி மலையில், ஒரு திருப்பத்தில், வண்டி முக்கிமுனகி நின்றுவிட்டது. ஃபர்ஸ்ட் கியரில் போட்டும் பின்னால்தான் நகர்ந்தது. அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் இறங்கி வெயிலில் நடந்தார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி நடந்ததை நான் முன்சீட்டிலிருந்து பார்த்தேன்.

மேலே வந்து சேர்ந்ததும் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஏனுங் மாப்ளை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம டிராக்டரையே ஓட்டியாந்திருப்பனுங்களே!"

என் கணவரும் சிரித்தார். அவருக்கு அது உண்மையாகவே வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவர்கள் ஊருக்குப் பஸ் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"இந்த டப்பாவை வித்துடுங்க. உங்க ஃபேக்டரியிலே எல்லாரும் புது வண்டி வாங்கறாங்க."

"ஆபீசுக்குப் போய்ட்டு வர இது சாக்கில்லையா?" என்றார் அவர். போதாதா என்பதற்கு அவர் எப்போதும் கன்னடத்தைத்தான் இழுப்பார். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும்.

"எங்க அண்ணன் பொண்ணுக்கு அடுத்த வருசம் கல்யாணம் வைப்பாங்க. அதுக்கு நான் இதுலே போய் இறங்க மாட்டேன்."

மூன்று மாதம் நச்சரித்தேன். கடைசியில் சின்ன வண்டியை விற்று, வங்கியில் கடன் எடுத்து, ஆயிரம் சிசி ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினார். நான்கு சிலிண்டர் எஞ்சின், ஏசி, அகலமான டயர். முதல் ஞாயிற்றுக்கிழமையே மலைக்குப் போனோம். அந்தத் திருப்பத்தில் அவர் காலை லேசாக அழுத்தினார். வண்டி எங்களைச் சீட்டோடு பின்னால் அமுக்கிக்கொண்டு ஏறியது. மகள் கைதட்டினாள். அன்று நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடன் தவணைக்கு நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். வண்டி ஓடுவதற்கு ஆகும் செலவைத்தான் யாரும் யோசிக்கவில்லை. ஊருக்குள் லிட்டருக்குப் பதினொன்றைத் தாண்டவில்லை. ஏசி போட்டால் அதுவும் இல்லை. இன்சூரன்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கைக்கு அடங்காது சார்" என்று மூடிவிட்டார். கம்பெனி சர்வீஸுக்குத்தான் விட வேண்டும், சாமான் பெங்களூரிலிருந்துதான் வர வேண்டும். ஒரு டயர் வெடித்ததில் மகளின் டான்ஸ் வகுப்பு நின்றது. அந்த மாதம் அவர் என்னிடம், "கொஞ்ச நாள் நிறுத்தி வை, அவளுக்கும் அவ்வளவா இஷ்டம் இல்லையே" என்றார். அவளுக்கு இஷ்டம் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

இடையில் பெட்ரோல் விலை வேறு ஏறியது. கம்பெனி பஸ்ஸில் போகலாமே என்று நான் சொன்னேன். வண்டி வாங்கியதற்கு ஷிப்ட் முழுக்க ஸ்வீட் கொடுத்தவர் எப்படிப் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பார்? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் என்னை வெளியே கூப்பிட்டு டிக்கியைத் திறந்து காட்டினார். இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டி, படுக்கை வசத்தில் ஒரு சிவப்பு சிலிண்டர் கிடந்தது. எங்கள் சமையலறையில் ஸ்டெப்னியாக வைத்திருந்த இரண்டாவது சிலிண்டர்தான். பன்னிமண்டபப் பக்கம் ஒரு ஷெட்டில் கார் கேஸில் ஓட கிட் பொருத்தித் தருகிறார்களாம். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்ன சுவிட்ச் ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் தட்டினால் பெட்ரோல், மறுபக்கம் தட்டினால் கேஸ்.

"இது தப்பில்லையா? போலீஸ் பிடிக்க மாட்டாங்களா?"

"ஊர்லே பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டறாங்க. செலவு மூணுலே ஒரு பங்காயிடும். நீ சும்னிரு."

வீட்டு சிலிண்டரை வண்டிக்குப் போடுவது குற்றம் என்று அவருக்கும் தெரியும். அதனால் மாற்றுவதெல்லாம் ஞாயிறு மதியம், தெருவே தூங்கும்போது. வண்டியைப் பின்னால் எடுத்து வாசலை ஒட்டி நிறுத்துவார். நான் வாசலில் துணி காயப்போடுவதுபோல் ஒரு பெட்ஷீட்டை விரித்து மறைப்பேன். டிக்கியைப் பார்த்து மகள், "நம்ம வண்டிக்கு அஞ்சு சிலிண்டர்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பள்ளியில் சொல்லிவிடாதே என்று அவளை மிரட்டினார்.

ஒரு சிலிண்டர் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியது. புதிதாகப் பதிவு செய்தால் வர மூன்று வாரம் ஆகும். அதனால் கொஞ்ச நாளில் அடுப்பிலிருந்த சிலிண்டரும் வண்டிக்குப் போனது. பரணில் கிடந்த சீமெண்ணெய் ஸ்டவ்வை இறக்கினேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பம்ப் அடித்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்று டிபன் பாக்ஸ் கட்டினேன். இட்லிகூட சீமெண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று மகள் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சிலிண்டர் கொண்டுவரும் ஆள் ஒருநாள், "ஏனக்கா, வீட்டுலேயே ஹோட்டல் இட்டிதீரா?" என்று, ஹோட்டல் வைத்துவிட்டீர்களா என்பதுபோல், கேட்டார். விருந்தாளிகள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பொய் சொல்லும்போது எனக்குக் காது சிவந்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அண்ணன் பெண்ணின் கல்யாணம் வண்டி வாங்கிய மறுவருடம் மாசியில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே வண்டிக்குள் உட்கார்ந்ததும் எனக்கு மெல்லிய வாடை ஒன்று வந்தது. அழுகின முட்டைக்கோஸ்போல. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கேட்டபோது, "புது சிலிண்டர் மாத்தினா அப்படித்தான் இருக்கும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இந்த வாரம் மட்டும் ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. விடிவதற்குள் கிளம்பினோம். மாசிக் குளிர், கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தோம். மகள் பின்சீட்டில் பட்டுப் பாவாடையோடு படுத்துத் தூங்கினாள். நரசிபுரம் ஆற்றுப் பாலம் தாண்டியதும் வாடை அதிகமானது. அவரும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

பின்னாலிருந்து, "அம்மா, தலை சுத்துது" என்றாள் மகள். அடுத்த நிமிடமே வாந்தி. நான் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, உதடு உலர்ந்து, கண் பாதி மூடியிருந்தது.

"நிறுத்துங்க!"

நிறுத்தியதும் அவளை அள்ளிக்கொண்டு இறங்கி ஓடினேன். சாலையோரம் கரும்புத் தோட்டம். வரப்பில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடித்தேன். இன்னும் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அதற்குள் அவர் டிக்கியைத் திறந்து சிலிண்டரைத் திருகி மூடினார்.

கால் மணி கழித்து மகள் கண்ணைத் திறந்து, "தண்ணி வேணும்" என்றாள். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "இப்போ கேஸை மூடியாச்சு. பெட்ரோல்லே போலாம். எல்லாக் கண்ணாடியும் இறக்கிடறேன். ஏறு."

"ஏற மாட்டேன்."

"முகூர்த்தத்துக்கு நேரமாகுது."

"நீங்க போங்க. எம் பொண்ணை அதுலே ஏத்த மாட்டேன்."

'எம் பொண்ணு' என்றதும் அவர் நிமிர்ந்து நின்றுவிட்டார். நான் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். கொள்ளேகால் பஸ் ஒன்று வந்தது. கையை நீட்டினேன். கண்டக்டர் வாந்திக் கறையோடு இருந்த பட்டுப் பாவாடையைப் பார்த்து, முன்பக்கத்தில் ஒருவரை எழுப்பிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் வண்டி எல்லாக் கதவும் திறந்தபடி நின்றது, அவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கொள்ளேகாலில் பஸ் மாறி ஹனூருக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மண்டப வாசலிலேயே அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, பஸ்ஸுலயா வந்தீங்க? புதுக் காருன்னு சொன்னே. மாப்ளை எங்க?"

"வழியிலே பங்சர் அண்ணா. புள்ளைக்கு வேற பஸ்ஸுன்னா ஆகாது, வாந்தி எடுத்துட்டா. அவர் வந்துட்டிருக்கார்."

அன்று என் காது சிவந்ததா, தெரியவில்லை.

தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்தி நடக்கும்போது அவர் வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். வேட்டி விளிம்பில் கிரீஸ். நாங்கள் கேஸிலேயே ஓட்டிக்கொண்டிருந்ததால் டேங்கில் பெட்ரோல் பேருக்குத்தான் இருந்திருக்கிறது. ஆறேழு கிலோமீட்டரில் நின்றுபோய், தள்ளிக்கொண்டும், மாட்டுவண்டிக்காரர் ஒருவரோடு போய் கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டும் வந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அண்ணன், "பங்சராமுங்களே மாப்ளை?" என்றதும் அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"ஆமா, பங்சர்" என்றார்.

அண்ணன் அன்று சிரிக்கவே இல்லை. அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், தன் வேட்டி சட்டையை உடுத்தக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். "மொகமெல்லாம் வாடிப்போச்சுங்களே, மொதல்ல சாப்புடுங்க" என்றார். இந்த மனிதருக்கு முன்னால் இறங்கிக் காட்டுவதற்காகவா இத்தனையும் என்று எனக்கு அழுகை வந்தது. புகை பட்டுவிட்டதாக முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மைசூர் டாக்டர் மகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பயமில்லை என்றார். அந்த வாரமே கிட்டைக் கழற்றச் சொன்னேன், அவர் மறுக்கவில்லை. ஆனால் பன்னிமண்டபம் ஷெட்டுக்கு நானும் கூடப் போனேன். கழற்றாமல் வந்து கழற்றியதாகச் சொல்லிவிடுவாரோ என்ற சந்தேகம். அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது மெக்கானிக் ரப்பர் குழாய் ஒன்றை என்னிடம் காட்டினார். ஓரிடத்தில் மயிரிழைபோல் வெடித்திருந்தது.

"இதை மாத்தணும்னு சாருக்கு ஆவத்தே ஹேளிதேனக்கா. சம்பளம் வரட்டும், கல்யாணம் முடிச்சு மாத்திக்கலாம்னார்."

கல்யாணத்துக்கு முன்பே, அன்றைக்கே மெக்கானிக் சொல்லியிருக்கிறார், இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஷெட் வாசலில் நின்று, டீக்கடையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த என் கணவரைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் அவர் என்னைத் திருப்பிக் கேட்பார்: உனக்கும்தானே வாடை வந்தது? குழாயை மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தேன்.

சிலிண்டர் சமையலறைக்குத் திரும்பியது. வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. அவர் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். ஒருவரும் அவரை எதுவும் கேட்கவில்லை என்று சொன்னார். ஒரு வருடத்தில் ஒரு டாக்டருக்கு விற்றோம். கடனை அடைத்ததுபோக மிஞ்சியதில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. மகள் நடனத்துக்குத் திரும்பவில்லை. மறுபடி சேர்க்கிறோம் என்றபோது, வேண்டாம், தன்னோடு சேர்ந்தவர்களெல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள் என்றாள்.

சில வருடம் கழித்து ஒரு மழைநாளில், சாப்பாட்டு நேரத்தில், அவரே பேச்செடுத்தார்.

"அன்னிக்கு ஹனூருக்குப் போனோமே, அதுக்கு முன்னாடியே ஒரு விசயம்..."

"ரசம் ஆறிடும், முதல்லே சாப்பிடுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை.